சந்தனக் கலர் நல்லதுதான், முதல்ல சுவத்தைப் பாருங்க

எங்க பக்கம் இப்போ எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ரெண்டு வீட்டுக்கு ஒரு வீடு சந்தனக் கலர். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டுல இருந்து மயிலம் வர்ற வழியில புதுசா எழும்பின வீடுங்களைப் பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கிளிப்பச்சை, ரோஸ், கத்தரிப்பூ கலருன்னு கண்ணைப் பறிச்ச தெருவெல்லாம் இப்போ சந்தனம், பிஸ்கட், கிரீம், ஐவரின்னு அடங்கிப் போச்சு. பெயிண்ட் கடையில இதுக்குப் பேரு 'வார்ம் நியூட்ரல்'. அதாவது வெள்ளையும் இல்லாம, மஞ்சளும் இல்லாம, பார்த்தா கொஞ்சம் கதகதன்னு இருக்கிற கலரு.

என்னைக் கேட்டா நல்ல மாற்றம்தான். எங்க மண்ணுக்கும் வெயிலுக்கும் இதைவிடப் பொருத்தமான கலரு கிடையாது. ஆனா இந்தக் கலரை எந்தச் சுவத்து மேல, எதை வச்சுப் பூசுறோம்னு யாரும் கேக்குறதே இல்லை. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு. விவசாயிக்குப் பெயிண்ட்டைப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காதீங்க. மல்லாட்டை வித்த காசு எங்கே போகுதுன்னு கணக்கு எழுதுறவனுக்கு இதுவும் தெரிஞ்சுதான் ஆகணும்.

இந்தக் கலரு ஏன் நமக்குப் பொருந்துது?

மொதல் காரணம் மண்ணு. திண்டிவனம், மயிலம் சுத்துவட்டாரத்துல பாதிக் கொல்லை செம்மண்ணு. சித்திரை, வைகாசியில காத்து அடிச்சா அந்தப் புழுதி எல்லா வீட்டுச் சுவத்துலயும் உக்காரும். பளிச்சுன்னு வெள்ளை அடிச்ச வீடு மூணே மாசத்துல அழுக்கு வேட்டி மாதிரி ஆயிடும். சந்தனக் கலருல அந்தப் புழுதி தெரியாது. தெரிஞ்சாலும் கலரோட கலரா போயிடும்.

ரெண்டாவது வெளிச்சம். நம்ம ஊர் வீடுங்கள்ல ஒரு ரூமுக்கு ஒரு ஜன்னல்தான். அதுவும் பாதி நேரம் சாத்தி இருக்கும். அந்த ரூமுக்குக் கரும்பச்சையோ ஊதாவோ அடிச்சா பகல் 12 மணிக்கும் லைட்டு போடணும். வெளிர் நிறம் வந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், அடர் நிறம் முழுங்கிடும். வெளிச்சுவத்துக்கும் அதே கதைதான். மேற்கு பாத்த சுவத்துக்கு அடர் கலரு அடிச்சு வச்சா சாயங்காலம் முழுக்க அந்தச் சூட்டை வாங்கி, ராத்திரி தூங்குற நேரத்துக்கு உள்ள அனுப்பும்.

மூணாவது கண்ணு. மே மாச வெயில்ல சுத்த வெள்ளைச் சுவத்தைப் பாத்தா கண்ணு கூசும். அந்த வெள்ளையில ஒரு துளி மஞ்சளோ காவியோ சேந்துட்டா கூச்சம் குறைஞ்சிடும். வெளிச்சம் அவ்வளவா குறையாது.

ஆனா ஒண்ணு. கடையில அட்டையைப் பாத்துக் கலரைத் தீர்மானம் பண்ணாதீங்க. அட்டையில இருக்கிறது ரெண்டு இஞ்சு. அது நாலு சுவத்துலயும் ஏறினா இன்னும் அழுத்தமாத் தெரியும். அட்டையில புடிச்சதை விட ஒரு படி வெளிறினதை எடுங்க. நம்ம வீடுங்கள்ல மாட்டுற எல்இடி பல்பு பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் கொடுக்கிறது. அந்த வெளிச்சத்துல சில சந்தனக் கலரு பச்சை தட்டிப்போய் நோயாளி மாதிரி இருக்கும். ரெண்டுக்கு ரெண்டு அடி சுவத்துல அடிச்சு, காலையில ஒரு தடவை, ராத்திரி பல்பு போட்டு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் வாளி வாங்குங்க. இல்லைன்னா மஞ்சள் கலந்த வெளிச்சம் தர்ற பல்பு மாட்டுங்க. கலரை மாத்துறதை விட பல்பை மாத்துறது மலிவு.

இது கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச கலரா?

இல்லை. இது நம்ம கலரு. சுண்ணாம்புல கொஞ்சம் மஞ்சக் காவியைக் கலந்தா வர்றதுதான் இந்தச் சந்தனம். காவின்னா வேற ஒண்ணும் இல்லை, மண்ணுல இருக்கிற இரும்பு. செங்காவியில இருக்கிறதும் இரும்புதான், மஞ்சக் காவியில இருக்கிறதும் இரும்புதான். மஞ்சக் காவியில இரும்போட தண்ணியும் கட்டுண்டு இருக்கும். அதைச் சூடு பண்ணினா தண்ணி போயி செங்காவி ஆயிடும். சூளையில மண்ணு வெந்து செங்கல்லு சிவக்கிறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும். சுண்ணாம்போட காரத்துல நிறைய சாயம் வெளுத்துப் போகும். இந்த இரும்புக் காவி மட்டும் தாங்கும். அதனாலதான் கோயில் மதில்லயும் திண்ணையிலயும் பழைய ஆளுங்க காவியையே புடிச்சுக்கிட்டாங்க.

புதுச்சேரிக்கு நம்ம ஊர்ல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம். அங்க கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க தெருவுல மஞ்சள் சுவத்துக்கு வெள்ளைக் கரை போட்ட வீடுங்க முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதவங்க உண்டா? கல்யாண போட்டோவுக்கே அங்கதான் போறாங்க. அந்த மஞ்சளும் இந்தச் சந்தனமும் அண்ணன் தம்பிதான்.

இன்னும் பழசு வேணும்னா நம்ம விழுப்புரம் மாவட்டத்துலயே இருக்கு. பனைமலை தாளகிரீஸ்வரர் கோயில்ல ராஜசிம்ம பல்லவன் காலத்து அம்மன் ஓவியம் ஒண்ணு இருக்கு. சுண்ணாம்புப் பூச்சு மேல வரைஞ்சது. பாதி அழிஞ்சு போச்சு, ஆனா மிச்சம் இருக்கிறது 1300 வருஷமா அந்தச் சுவத்தை விடாமப் புடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் ஒரு குகைக் கோயில் குடைஞ்சான். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம மும்மூர்த்திக்கும் கோயில் எடுத்தேன்னு கல்வெட்டுல பெருமையா வெட்டி வச்சிருக்கான். நல்லாக் கவனிங்க. சுண்ணாம்பு இல்லாமக் கட்டினது அந்தக் காலத்துல ராஜா பெருமை பேசுற அளவுக்கு அதிசயம். மத்த எல்லாக் கட்டடமும் சுண்ணாம்புல நின்னுதுன்னுதானே அர்த்தம்?

ஆக, அட்டையில புதுப்பேரு வச்சு நமக்கு விக்கிறது நம்ம காவியும் சுண்ணாம்பும் சேந்த நிறத்தைத்தான். நிறம் அதேதான். பொருள்தான் வேற. வில்லங்கம் அந்தப் பொருள்ல இருக்கு.

பெஞ்சல் புயல் காட்டிக் கொடுத்தது

2024 நவம்பர் 30 ராத்திரியை எங்க ஊர்க்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து நகராம நின்னுக்கிட்டு கொட்டித் தீத்தது. மறுநாள் காலையில பேப்பர், டிவி எல்லாத்துலயும் மயிலம் பேரு. ஒரே நாள்ல 50 செ.மீ. கிட்ட மழை. ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியதுல பெரும்பங்கு ஒரே ராத்திரியில. நெல்லு போச்சு, உளுந்து போச்சு, ஆடு மாடு போச்சு. அதைப் பத்தி நெறைய பேரு எழுதிட்டாங்க. சுவத்தைப் பத்தி யாரும் எழுதலை.

தண்ணி வடிஞ்சு ஒரு மாசத்துல பொங்கல் வந்துச்சு. பொங்கலுக்கு வீட்டைப் புதுசாக்காம இருக்க முடியுமா? பெயிண்டருங்களுக்கு நாள் கிடைக்கலை. முட்டி வரைக்கும் தண்ணி நின்ன சுவத்துல மேல் பொறுக்கைச் சொரண்டி, பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, ரெண்டு கோட் எமல்ஷன் ஏத்தினாங்க. பொங்கலன்னைக்கு வீடு பளபளன்னு இருந்துச்சு. சித்திரை முடியறதுக்குள்ள தரையில இருந்து மூணு அடிக்கு சுவரு அப்பளம் மாதிரி உப்பிக்கிச்சு. விரலால தட்டினா உள்ள பொலபொலன்னு வெள்ளைப் பொடி கொட்டுது. எங்க தெருவுல மட்டும் நாலு வீட்டுல இதை என் கண்ணால பாத்தேன்.

பெயிண்ட் போலின்னு சிலர் சொன்னாங்க. பெயிண்டர் ஏமாத்திட்டான்னு சிலர் சொன்னாங்க. ரெண்டும் இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். செங்கல்லும் மண்ணும் தண்ணியைக் குடிக்கும். குடிச்ச தண்ணி எப்படியாவது வெளிய வரணும். வர்றப்போ மண்ணுல, செங்கல்லுல இருக்கிற உப்பையும் கரைச்சு எடுத்துக்கிட்டு வரும். சுண்ணாம்பு அடிச்ச சுவரா இருந்தா அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க ஏராளம். ஈரம் ஆவியாப் போயிடும், உப்பு மேல பூக்கும், தொடைச்சுத் தள்ளிட்டு மறுபடி வெள்ளை அடிச்சுக்கலாம். எமல்ஷன் அப்படி இல்லை. அதுல நிறத்தைப் புடிச்சு வைக்கிறது அக்ரிலிக் பிசின். காஞ்சா மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி சுவத்தைப் போத்திக்கும். உள்ள இருக்கிற ஈரம் சுலபமா வெளிய வராது. தோலுக்குப் பின்னாடி உப்பு கட்டி கட்டியா சேந்து தோலைத் தள்ளும். அதுதான் உப்பல்.

மல்லாட்டையை ஈரத்தோட பிளாஸ்டிக் சாக்குல கட்டி வச்சா என்ன ஆகும்? பூஞ்சை புடிச்சு ஒண்ணுக்கும் ஆகாமப் போயிடும். சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். களத்துல காய வச்சு, கையில எடுத்துக் குலுக்கிப் பாத்து, உள்ள பருப்பு ஆடுற சத்தம் கேட்ட பிறகுதான் கட்டுவோம். மல்லாட்டைக்குக் காட்டுற பொறுமையைச் சுவத்துக்குக் காட்ட மாட்டேங்கிறோம்.

காசு கணக்கு

எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு, 700 சதுர அடி வீடு, பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டுன்னு 60 ஆயிரத்துக்கு மேல மதிப்பு போட்டுக் கொடுத்தாங்க. மகளிர் குழுவுல பாதி, நகையை வச்சு பாதின்னு பணத்தைப் புரட்டினாங்க. அந்தக் கடன் முடியறதுக்கு முன்னாடி சுவரு உரிஞ்சு போச்சு. இப்போ மறுபடி சொரண்டணும், மறுபடி பட்டி பாக்கணும்.

நாம விதைக்குக் கடன் வாங்குறோம், உரத்துக்குக் கடன் வாங்குறோம், அது நியாயம், திரும்பி வரும்னு ஒரு நம்பிக்கை. சுவத்துக்கு வாங்குற கடன் திரும்பி வராது. அப்படி வாங்கினா அது குறைஞ்சது அஞ்சாறு வருஷமாவது நிக்கணும். ஈரச் சுவத்து மேல அடிச்ச கலரு ஒரு வெயில் காலம் தாங்காது.

பெயிண்டர் தம்பிங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. "அண்ணா, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா எனக்கு என்ன கூலி நிக்கும்? வீட்டுக்காரங்களே என்னைக் கேவலமாப் பாக்குறாங்க" அப்படின்னு ஒரு தம்பி என்கிட்ட சொன்னான். நியாயம்தான். கடைக்காரரு வாளிக்கு வாளி கமிஷன் தர்றாரு, சுண்ணாம்புக்கு யாரு தருவா? கேக்க வேண்டியது வீட்டுக்காரங்க நாமதான்.

"மண்ணு கலரு எனக்கு வேணாம்டா"

இதைப் பத்தி எங்க சித்திகிட்ட பேசினப்போ அது ஒரு வார்த்தை சொல்லுச்சு. "டேய் தம்பி, நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து முப்பது வருஷம் மண்ணு சுவத்தை மெழுகினவ. ஒவ்வொரு மழைக்கும் விழும், ஒவ்வொரு மழைக்கும் அப்புவேன். இப்பத்தான் மச்சு வீடு வந்திருக்கு. மறுபடி மண்ணு கலரு எனக்கு வேணாம்டா. நான் ரோஸ்தான் அடிப்பேன்."

இதுக்குப் பதில் சொல்றது சுலபம் இல்லை. கிளிப்பச்சையும் ரோஸும் அடிச்ச வீட்டைப் பாத்து டவுன்காரங்க சிரிக்கிறாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கலை. கூரை வீட்டுலயும் காலனி தொகுப்பு வீட்டுலயும் வாழ்ந்த சனங்க கையில காசு வந்த அன்னைக்கு, நாங்களும் வந்துட்டோம்னு ஊருக்குச் சொன்ன கலரு அது. அரசாங்கம் 2010-ல கலைஞர் வீடு, அப்புறம் பசுமை வீடு, 2024-ல கலைஞரின் கனவு இல்லம்னு கூரையை மாத்திக் கான்கிரீட் போட்டுக் கொடுத்துச்சு. கனவு இல்லத்துல ஒரு வீட்டுக்கு மூணரை லட்சம், 2030-க்குள்ள 8 லட்சம் வீடுன்னு அறிவிச்சிருக்காங்க. எல்லா வீடும் ஒரே அச்சு. அதுல தன்னோடதுன்னு ஒருத்தர் காட்ட முடிஞ்சது கலரு ஒண்ணுதான். அதனால சித்தி ரோஸ் அடிச்சா அடிச்சுக்கட்டும். சந்தனம் அடிச்சவன் ரசனைக்காரன், ரோஸ் அடிச்சவன் பட்டிக்காட்டான்னு பேசுறவங்களோட நான் சேர மாட்டேன்.

ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. நம்ம மாவட்டத்துலயே வானூர் பக்கம் ஆரோவில் இருக்கு. 1968-ல ஆரம்பிச்சது. அங்க இருக்கிற மண் கட்டுமான நிறுவனத்துல, இங்க தோண்டுற அதே செம்மண்ணுல சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, மிஷின்ல அழுத்திக் கல்லு செய்றாங்க. சூளையில வேக வைக்கிறதில்லை. அந்தக் கல்லுல கட்டின பார்வையாளர் மையத்துக்கு 1992-ல ஏழைகளுக்கான கட்டடக் கலைன்னு ஹசன் ஃபாத்தி பேருல விருது கொடுத்தாங்க. சுவத்துக்குப் பூச்சு கூடப் பூசாம மண்ணு நிறத்தை அப்படியே விட்டிருக்காங்க. உலகம் பூரா இருந்து வந்து தடவிப் பாத்துட்டுப் போறாங்க. அவங்க மண்ணைக் காட்டினா கலை. நாம காட்டினா வறுமை. இந்தக் கணக்கு எப்படி வந்துச்சு?

சித்தியோட வலி மண்ணு நிறத்தால வந்தது இல்லை. ஒவ்வொரு மழைக்கும் சுவரு விழுந்ததால வந்தது. மண்ணு சுவத்துக்கு நல்ல அஸ்திவாரமும் நீளமான தாழ்வாரமும் இருந்திருந்தா அவ்வளவு மெழுக வேண்டி வந்திருக்காது. குத்தம் கூரையில, தண்ணி போற வழியில. பழியை மண்ணு மேல போட்டோம்.

அப்போ என்னதான் செய்யணும்?

மொதல்ல உங்க சுவரு என்ன சுவருன்னு பாருங்க. மூணு விதமாப் பிரிச்சுக்கலாம்.

சிமெண்ட் பூச்சு, புது வீடு, ஈரம் ஏறலை. இதுக்குத் தாராளமா எமல்ஷன் சந்தனக் கலரு அடிக்கலாம். ஆனா பூச்சு வேலை முடிஞ்ச கையோட அடிக்காதீங்க. தண்ணி ஊத்தி ஆத்தினதுக்கு அப்புறம் குறைஞ்சது ஒரு மாசம் காய விடுங்க. புதுப் பூச்சுல காரம் அதிகம், அது கலரைத் தின்னுடும். கிரகப்பிரவேச தேதியைக் குறிச்சுட்டு சுவத்தை அவசரப்படுத்துறதுதான் நம்ம ஊர்ல பெரிய வியாதி.

சிமெண்ட் பூச்சுதான், ஆனா அடியில ஈரம் ஏறுது. இதுக்குக் கலரு மருந்து கிடையாது. உர மூட்டைக்குள்ள வர்ற பிளாஸ்டிக் பையை ஒரு சதுர அடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. எடுத்துப் பாக்கும்போது சுவத்துப் பக்கம் தண்ணி கோத்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். அப்படின்னா வீட்டைச் சுத்தி மேடா இருக்கிற மண்ணை வெட்டி இறக்குங்க, மாடித் தண்ணி சுவத்து ஓரமா விழாம குழாய் வச்சுத் தள்ளி விடுங்க, உப்பின பூச்சைக் கொத்தி எடுத்துட்டு ஒரு கோடை காய விடுங்க. அது வரைக்கும் அசிங்கமா இருக்கும்தான். பொறுத்துக்கணும்.

பழைய வீடு. மண்ணு சுவரு, இல்லைன்னா சூளைச் செங்கல்லுல சுண்ணாம்புக் காரை பூசினது. நாட்டு ஓடு போட்டதோ மெட்ராஸ் டெரஸோ, இன்னும் நம்ம ஊருங்கள்ல நெறைய நிக்குது. தயவு செஞ்சு இதுக்குப் பட்டியும் எமல்ஷனும் போடாதீங்க. சிமெண்ட் பூச்சும் வேண்டாம். இதுக்குச் சுண்ணாம்புதான். அதுலயே சந்தனக் கலரு வரும்.

செய்முறை ரொம்ப சுலபம். நீத்தாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு தண்ணி அஞ்சு லிட்டர். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா ரொம்ப நல்லது. மண் தொட்டியிலயோ பழைய இரும்பு டிரம்முலயோ தண்ணியை மொதல்ல ஊத்தி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. கொதிக்கும், தெறிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் இளகிடும். சின்னப் புள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. கண்ணுல பட்டா உடனே நல்ல தண்ணியில ரொம்ப நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இதுல விளையாட்டு வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஊறினதும் துணியில வடிகட்டுங்க. அரிசிக் கஞ்சி கொஞ்சம் சேத்தா கையில ஒட்டாது. ஒரு கை மரக்காணம் உப்பு போடுறதும் வழக்கம், சீக்கிரம் காஞ்சு பொடியாப் போகாம இருக்கிறதுக்கு. ஆனா ஏற்கெனவே உப்பு பூக்குற சுவத்துக்கு உப்பு சேக்காதீங்க.

கலருக்கு மஞ்சக் காவிப் பொடி. கடையில எல்லோ ஆக்சைடுன்னு கேட்டாலும் கொடுப்பாங்க. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 20, 30 கிராம்ல ஆரம்பிங்க, தண்ணியில குழைச்சு ஊத்துங்க. ஒரு சிட்டிகை செங்காவி சேத்தா பச்சை தட்டாது. ஈரமா இருக்கும்போது அழுத்தமாத் தெரியும், காஞ்சா ரொம்ப வெளிறிடும், பயந்துடாதீங்க. எல்லாச் சுவத்துக்கும் ஒரே தடவையில கலந்து வச்சுக்கணும். ரெண்டாவது தடவை கலந்தா அந்த நிறம் வராது. சுவத்தைத் தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, தண்ணி மாதிரி மெல்லிசா மூணு கை அடிக்கணும், ஒவ்வொரு கையும் காஞ்ச பிறகு அடுத்தது. கெட்டியா ஒரே கையில அடிச்சா பொறுக்கு விட்டுடும். காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கிட்டுத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகுது. அதுக்கு நேரம் கொடுக்கணும்.

அடியில மூணு அடிக்குச் செங்காவிப் பட்டை விடுங்க. நம்ம பாட்டிங்க அழகுக்கு மட்டும் அதைப் போடலை. மழைத் தண்ணி தெறிச்சு செம்மண்ணு ஒட்டுற இடம் அதுதான்.

குறையையும் சொல்லிடறேன். சுண்ணாம்புச் சுவத்துல சாஞ்சா சட்டையில ஒட்டும். கறை பட்டா சோப்பு போட்டுக் கழுவ முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கணும். ஏற்கெனவே எமல்ஷன் ஏறின சுவத்துல ஒட்டாது, முழுசா சொரண்டி எடுத்தாத்தான் உண்டு. அதனாலதான் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்புன்னு நான் சொல்லலை.

சொரண்டுறதுல இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பர்ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல, முக்கியமா கதவு ஜன்னலுக்கு அடிச்ச ஆயில் பெயிண்ட்ல, ஈயம் இருக்கலாம். அந்தத் தூளு குழந்தைங்க மூளைக்கு விஷம். காஞ்ச காகிதத்துல தேய்க்காம தண்ணி தொட்டுத் தேய்ங்க, தூளைக் கூட்டி அள்ளித் தூரப் போடுங்க, மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டாதீங்க.

கடைசியா என் கருத்து

ஒரு வீட்டுக்குச் செலவு பண்ண காசு இருந்தா மொதல்ல கூரைக்கு, அடுத்தது தண்ணி வடியற வழிக்கு, அதுக்கப்புறம் சுவத்துக்கு, கடைசியிலதான் கலருக்கு. நம்ம ஊர்ல இது தலைகீழா நடக்குது. மாடியில தண்ணி தேங்கி நிக்குது, கீழ ஹால்ல 'வார்ம் நியூட்ரல்' பளபளக்குது. மாடித் தளத்துக்கு ரெண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சாலே வெயில் காலத்துல உள்ள சூடு குறையறது தெரியும், அதுக்கு ஆகுற செலவு ஒரு வாளி எமல்ஷன் விலை கூட இல்லை.

புயல் இனிமேலும் வரும். 2011-ல தானே வந்துச்சு, 2024-ல பெஞ்சல் வந்துச்சு, அடுத்ததுக்குப் பேரு மட்டும்தான் பாக்கி. தண்ணி வீட்டுக்குள்ள வந்தா சுவரு குடிக்கத்தான் செய்யும். குடிச்சதை வெளிய விடுற சுவரு நமக்கு வேணும். அது சந்தனக் கலரா, சித்தி கேக்குற ரோஸ் கலராங்கிறது அவங்கவங்க இஷ்டம்.

இந்தப் பொங்கலுக்கு பெயிண்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த பிளாஸ்டிக் பையைச் சுவத்துல ஒட்டிப் பாருங்க. ரெண்டு நாள் வேலை. உங்க ஊர்ல இன்னும் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடுற சூளை எங்கேயாவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, நம்ம பக்கத்துல கேக்குறவங்க நாலு பேரு இருக்காங்க.